பக்கவாதத்துக்குப் பிறகான நடைக்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது: முதன்முறை அளக்கப் போகிறவர்களுக்கு

"வாசல் வரைக்கும் போய் வந்தால் வயலை ஒரு சுற்று சுற்றி வந்த மாதிரி இருக்கிறது" என்று ஒரு பெரியவர் சொன்னார். பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தக் களைப்பை எண்ணாக்கிக் காட்ட வேண்டும் என்றுதான் என் எம்.பி.டி. (இயன்முறை மருத்துவ முதுநிலைப் படிப்பு) ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுத்தேன். முதல் ஆறு பேரிடம் எடுத்த அளவுகள் குப்பைக்குப் போயின. மூச்சிலிருந்து ஆக்சிஜனை அளக்கும் கருவியில் ஒரு கோளாறும் இல்லை. ஓய்வு நிலை அளவை நான் எடுக்கவில்லை, அதோடு தூரத்தைத் தப்பாகக் குறித்திருந்தேன். ஆறு பேரில் இருவரால் மறுபடி வர முடியவில்லை. இயன்முறை மருத்துவம் படிக்கிறவர்கள், இந்த அளவீட்டை முதல் தடவையாகச் செய்யப் போகிறவர்கள், என் ஆறு மாதத்தைத் திரும்ப வீணாக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. எந்த எண் வேண்டும் என்று முதலில் தாளில் எழுதுங்கள்

கருவி தருவது, ஒரு நிமிடத்துக்கு உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன். நடையின் செலவு என்பது அதுவல்ல. ஒரு மீட்டர் நடக்க ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்பதே செலவு. நிமிடக் கணக்கை நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும்.

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவர் தன் இயல்பான வேகத்தில், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர் நடக்கும்போது, கிலோவுக்கு நிமிடத்துக்கு 12 மில்லிலிட்டர் அளவில் எடுத்துக்கொள்கிறார். என் நோயாளி ஒருவர் எடுத்துக்கொண்டது 10.4. இதை மட்டும் பார்த்தால் அவர் குறைவாகச் செலவழிக்கிறார் என்று தோன்றும். ஆனால் அவர் வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டர். வகுத்துப் பாருங்கள்: நல்லவருக்கு மீட்டருக்கு 0.15, இவருக்கு 0.52. மூன்று மடங்குக்கும் மேல். 'வயலைச் சுற்றி வந்த மாதிரி' என்பதன் கணக்கு இதுதான்.

அடுத்த முடிவு, மொத்தச் செலவா நிகரச் செலவா என்பது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடலுக்கு ஆக்சிஜன் வேண்டும். கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 என்பது வழக்கமான மதிப்பு. இந்த நோயாளிக்கு அது 3.6. அவர் வேகத்தால் அதை வகுத்தால் மீட்டருக்கு 0.18 வருகிறது. நல்லவர் ஒரு மீட்டர் நடக்க ஆகும் மொத்தச் செலவே 0.15 தான்! மெதுவாக நடப்பவருக்கு மீட்டர் ஒன்றுக்கு அதிக நேரம் ஆகிறது. அந்த நேரத்துக்கான 'வாடகை'யும் மொத்தச் செலவில் ஏறிக்கொள்கிறது. ஓய்வைக் கழித்தால் 6.8-ஐ 20-ஆல் வகுத்து 0.34 கிடைக்கும், நிகரச் செலவு இதுதான். நடையின் கோளாறு எவ்வளவு, மெதுவாக நடப்பதன் விளைவு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இரண்டு எண்களும் வேண்டும். ஆகவே ஓய்வு அளவைத் தவறாமல் எடுங்கள். நான் கோட்டை விட்ட இடம் இது. 3.5 என்று எல்லோருக்கும் போட்டுக் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வயதும் நோயும் மருந்தும் ஓய்வு அளவை ஆளுக்கு ஆள் மாற்றும்.

2. காகித வேலைக்கு மூன்று மாதம்

நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் ஒருவரைக்கூட அளக்காதீர்கள், "ஒத்திகைதானே" என்ற பெயரிலும் கூடாது. எங்கள் குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கூடியது. ஒரு கூட்டத்தில் திருத்தம் சொன்னால் அடுத்த கூட்டம் வரை காத்திருப்பு. கடைசி நாளில் மனுப் போட்ட எனக்கு ஆறு வாரம் அப்படியே போயிற்று. கட்டணம், படிகளின் எண்ணிக்கை, மென்படியா அச்சுப்படியா என்பதை எல்லாம் குழுவின் அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சீனியர்கள் சொல்வது போன வருட நிலவரமாக இருக்கும்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், வழிகாட்டியின் கையெழுத்து, நோயாளிகளை அனுப்பும் நரம்பியல் அல்லது பொது மருத்துவத் துறைத் தலைவரின் சம்மதக் கடிதம், கருவி வேறு துறையுடையது என்றால் அந்தத் துறையின் கடிதம், தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தாள், ஒப்புதல் படிவம், பதிவுத் தாளின் மாதிரி. என் மனு முதலில் திரும்பி வந்தது கருவித் துறையின் கடிதம் இல்லாததால்தான்.

தமிழ்த் தகவல் தாளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைக்காதீர்கள். 'வாயு பரிமாற்றப் பகுப்பாய்வு' என்று எழுதினால் யாருக்குப் புரியும்? "மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நடப்பீர்கள், நீங்கள் விடும் மூச்சைக் கருவி அளக்கும், ஊசி கிடையாது" என்று எழுதினேன். படித்துக் காட்டியபோது ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஒப்புதலில் இந்த நோய்க்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. எழுதும் கை விழுந்தவர்கள் கையெழுத்துப் போட முடியாது. கைரேகை வாங்கும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி இருக்க வேண்டும், அது நீங்களோ உங்கள் வகுப்புத் தோழரோ அல்ல. பேச்சு போனவர்களில் சிலருக்கு நாம் சொல்வது முழுக்க விளங்கும், பதில்தான் வராது. சிலருக்கு விளங்குவதே குறைவு. இதைச் சோதித்து எழுதி வையுங்கள். விளங்காதவர் என்றால் சட்டப்படி அவர் சார்பில் ஒப்புதல் தரக்கூடியவரின் கையெழுத்து வேண்டும். முதுநிலை ஆய்வுக்கு அப்படிப்பட்டவர்களைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

ஏதேனும் சிகிச்சை கொடுத்து முன்னும் பின்னும் அளக்கப் போகிறீர்கள் என்றால் சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். நோயாளியைச் சேர்த்த பிறகு பதியும் வசதி 2018 ஏப்ரல் 1 முதல் கிடையாது. பதிவுக்குக் கட்டணம் இல்லை; நெறிமுறைக் குழுக் கடிதத்தைப் பதிவேற்ற வேண்டும். அவர்கள் கேள்வி கேட்டு நீங்கள் பதில் சொல்லி எண் கிடைக்கச் சில வாரம் ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

3. கருவியும் காசும்

தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும் வகைக் கருவிகள் காஸ்மெட், கார்டெக்ஸ் போன்ற நிறுவனங்களுடையவை. விலை பல லட்சம். வாங்கும் யோசனையே வேண்டாம். உடலியங்கியல் துறை, நுரையீரல் துறை, விளையாட்டு மருத்துவ மையம் ஆகியவற்றில் ஒன்றில் கேட்டுப் பாருங்கள். அங்கே இருப்பது மேசையோடு நிற்கும் வகை என்றால் டிரெட்மில்லில்தான் நடத்த முடியும். அது வேறு சோதனை. டிரெட்மில்லில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பவரின் செலவைத் தரையில் கைத்தடியோடு நடப்பவரின் செலவோடு ஒப்பிட முடியாது.

கருவியை இரவல் தருபவர்கள் இரவல் தராத செலவுகள் இருக்கின்றன. முதலாவது, அளவு சரிபார்க்கும் வாயு. நான் பயன்படுத்திய சிலிண்டரில் ஆக்சிஜன் 16 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம், மீதி நைட்ரஜன். சான்றிதழையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். ஆர்டர் கொடுத்து வர வாரக்கணக்கில் ஆகும். இரண்டாவது, மாஸ்க். சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவும் வேண்டும். கழுவிக் கிருமி நீக்கி முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தவருக்குப் போட முடியும் என்பதால் ஒரே மாஸ்க்கை வைத்துக்கொண்டு ஒரு காலையில் மூன்று பேரை அளக்க முடியாது. மூன்றாவது, நோயாளியும் துணைக்கு வருபவரும் வந்து போகும் செலவு. கை கால் வராதவரைப் பஸ்ஸில் வரச் சொல்ல முடியாது, ஆட்டோதான். இரண்டு வருகைக்கான தொகையைத் திட்டத்திலேயே எழுதி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். நான் எழுதாமல் விட்டதால் கடைசி வரை என் பையிலிருந்து போயிற்று.

4. யாரை அளக்கலாம்

துணையில்லாமல், அல்லது பக்கத்தில் ஒருவர் கண்காணித்தால் போதும் என்ற அளவில், நிற்காமல் ஐந்து நிமிடம் நடப்பவராக இருக்க வேண்டும். இது கேட்க எளிதாக இருக்கிறது. வார்டில் "நடக்கிறார்" என்று அனுப்பப்பட்டவர்களில் பாதிப் பேர் இரண்டாம் நிமிடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அழைக்கும் முன் ஒரு தடவை மாஸ்க் இல்லாமல் நடக்கவைத்துப் பாருங்கள்.

கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ வந்தவரை எடுக்கக் கூடாது. அன்று காலை ஓய்வில் நாடி 120-க்கு மேலோ, ரத்த அழுத்தம் 180-க்கு 100 என்ற அளவுக்கு மேலோ இருந்தால் திருப்பி அனுப்புங்கள். இவை ஆறு நிமிட நடைச் சோதனைக்கு அமெரிக்க நெஞ்சகச் சங்கம் (அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி) 2002-இல் வைத்த எல்லைகள். இந்தச் சோதனைக்கும் அவற்றையே பின்பற்றினேன். தூரத்திலிருந்து வந்திருக்கிறாரே என்று மனம் இளகும். பக்கவாதம் வந்தவரின் ரத்த அழுத்தத்தில் மனம் இளகுவதற்கு இடமில்லை.

5. நடைபாதை

கருவியைவிட இது முக்கியம் என்று இப்போது சொல்வேன். 30 மீட்டர் நேர்ப்பாதை கிடைத்தால் நல்லது. ஆனால் ஒவ்வொரு முனையிலும் திரும்புவதற்கு இவர்கள் நான்கைந்து எட்டு வைக்கிறார்கள், வேகம் விழுகிறது, செலவு ஏறுகிறது. முடிந்தால் நீள்வட்டப் பாதை போடுங்கள். அதிலும் விழுந்த பக்கம் உட்புறமா வெளிப்புறமா என்பதைக் குறித்து, எல்லோருக்கும் ஒரே முறையை வையுங்கள்.

டேப் வைத்து அளந்து மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். புறநோயாளிகள் போகும் வராந்தா வேண்டவே வேண்டாம். தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்தால் அன்றைய அளவு போயிற்று. சித்திரை, வைகாசியில் காலை பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

6. முந்தைய நாள் ஒரு போன்

சோதனைக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும், காபி கூடாது, அன்று காலை உடற்பயிற்சி கூடாது. "காபி குடிக்காமல் வாருங்கள்" என்று சொன்னேன். சொன்னபடி காபியைத் தொடாமல் டீ குடித்துவிட்டு வந்தார்கள். இரண்டின் பெயரையும் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயாளியை வெறும் வயிற்றில் வரச் சொல்வது ஆபத்து. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து நிற்பார். ஏழு மணிக்கு இட்லியும் ஊசியும் வழக்கம்போல, பத்து மணிக்குச் சோதனை என்று நான் வைத்துக்கொண்டேன். நடக்கும் முன் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது. மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்தச் செருப்பு, எந்தக் கைத்தடி, கணுக்காலுக்குப் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் உண்டா என்பதையும் போனிலேயே கேளுங்கள். ஒருவர் முதல் முறை ஸ்பிளின்ட் போட்டும் இரண்டாம் முறை அதை வீட்டில் வைத்துவிட்டும் வந்தார்.

7. காலையில் கருவி

முதல் நோயாளி வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். கருவி சூடாகவே அரை மணிக்கு மேல் ஆகும். மூன்று லிட்டர் ஊசிக்குழலால் காற்றோட்ட அளவை, பிறகு அறைக் காற்றை, பிறகு சிலிண்டர் வாயுவைச் சரிபார்க்க வேண்டும். அறைக் காற்றில் ஆக்சிஜன் 20.93 சதவீதம் காட்ட வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கே உரிய பொறி ஒன்று. ஏ.சி. அறையில் சரிபார்த்துவிட்டு வெக்கையான வராந்தாவுக்குக் கொண்டுபோனால் அளவுகள் நகரும். வெப்பமும் ஈரப்பதமும் மாறுவது காரணம். எங்கே நடத்துகிறீர்களோ அங்கேயே வைத்துச் சரிபாருங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் அறைக் காற்றை மறுபடி பாருங்கள். மூச்சை இழுத்துவரும் மெல்லிய குழாயில் ஈரம் தேங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

8. மாஸ்க்

கொரோனாவுக்குப் பிறகு மாஸ்க் யாருக்கும் புதிதல்ல. ஆனால் இது இறுக்கமான ரப்பர் மாஸ்க், பட்டைகள் தலையைச் சுற்றி வரும். முதல் வருகையில் அளக்காமல், போட்டு இரண்டு நிமிடம் நடந்து பழகவிடுங்கள். பயத்தில் நடப்பவரின் செலவும் கூடித்தான் இருக்கும்.

முகம் ஒரு பக்கம் கோணியிருந்தால் அந்த வாயோரத்தில் காற்று கசியும். மாஸ்க்கின் வாயைக் கையால் மூடி, மெல்ல ஊதச் சொல்லி, ஓரங்களில் உங்கள் விரலை வைத்துப் பாருங்கள். கசிந்தால் ஆக்சிஜன் செலவு பொய்யாகக் குறையும். எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பல்செட் இருந்தால் கழற்ற வேண்டாம், கன்னம் ஒட்டிக்கொண்டு கசிவு அதிகமாகும். எச்சில் வடிபவருக்கு நடுவில் துடைக்க முடியாது, போடும் முன் விழுங்கச் சொல்லுங்கள்.

மாஸ்க்குக்குள்ளிருந்து பேசக் கூடாது. நல்ல கையின் கட்டைவிரல் மேலே என்றால் சரி, உள்ளங்கை விரித்தால் நிறுத்து. கைத்தடி அந்தக் கையில்தான் இருக்கும் என்பதை மூன்றாம் நோயாளியிடம்தான் கவனித்தேன். பிறகு தலையசைப்புக்கு மாறினேன். துணைக்கு வந்தவரைத் தள்ளி உட்காரவையுங்கள். மகள் "அப்பா, போதுமா?" என்று கேட்பார், அவர் நின்று பதில் சொல்வார்.

9. ஓய்வு, பிறகு நடை

நாற்காலியில் பத்து நிமிடம் உட்காரவைத்து, கடைசி இரண்டு நிமிடத்தின் சராசரியை ஓய்வு அளவாக எடுங்கள். நிற்கவைத்து எடுக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் இவர்களுக்கு நிற்பதே ஒரு வேலை. எதை எடுத்தாலும் எல்லோருக்கும் அதையே எடுத்து, அப்படி என்று எழுதுங்கள்.

நடை ஐந்து நிமிடம், அவரவர் வசதியான வேகத்தில். நீங்கள் விழுந்த பக்கத்தில், அரை எட்டுப் பின்னால் போங்கள். முன்னாலோ இணையாகவோ நடந்தால் அவர் உங்கள் வேகத்தைப் பிடிக்கப் பார்ப்பார். இடுப்புப் பட்டையைப் பிடிக்கத் தயாராக இருங்கள், ஆனால் தாங்காதீர்கள். தாங்கினால் அதைக் குறித்துவிடுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், முகம் வெளுத்தல், முழங்கால் மடங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் நிறுத்த வேண்டியதுதான். நாற்காலியோடு ஒருவர் பின்னால் வரட்டும்.

முதல் மூன்று நிமிடம் கணக்கில் வராது, உடல் அப்போதுதான் ஒரு நிலைக்கு வருகிறது. கடைசி இரண்டு நிமிடங்களை எடுங்கள். அந்த இரண்டிலும் ஆக்சிஜன் அளவு பத்து சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கினால் நிலை வரவில்லை என்று பொருள். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை உள்ளே போகும் ஆக்சிஜனால் வகுத்த விகிதம் 1-ஐத் தாண்டினாலும் அந்த அளவைத் தள்ளிவிடுங்கள். ஆக்சிஜன் கணக்கில் வராத செலவும் அங்கே சேர்ந்துகொள்கிறது.

என்னுடைய இரண்டாவது தப்பு இங்கேதான் நடந்தது. வேகத்துக்குப் பத்து மீட்டர் நடைச் சோதனையின் எண்ணை எடுத்துப் போட்டேன். முன்னே சொன்ன அதே நோயாளி பத்து மீட்டரில் நிமிடத்துக்கு 27 மீட்டர் வேகத்தில் போனவர், கடைசி இரண்டு நிமிடத்தில் நடந்ததோ 40 மீட்டர்தான், அதாவது நிமிடத்துக்கு 20. முதல் எண்ணால் வகுத்தால் செலவு 0.39, சரியான எண்ணால் வகுத்தால் 0.52. ஆக்சிஜனை எந்த இரண்டு நிமிடத்தில் எடுக்கிறீர்களோ அந்த இரண்டு நிமிடத்தின் தூரம்தான் வேண்டும். ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று, மூன்றாம் நிமிட முடிவிலும் ஐந்தாம் நிமிட முடிவிலும் எந்தச் சாக்பீஸ் கோட்டில் கால் இருந்தது என்று எழுத வேண்டும். அந்த ஆளைக் கருவியைப் பார்க்கும் வேலைக்கும் சேர்த்து வைக்காதீர்கள்.

மாஸ்க்கைக் கழற்றியதும் நாடி, ரத்த அழுத்தம் பாருங்கள். தண்ணீர் கொடுத்து அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்புங்கள். ஒருவருக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஒரு காலையில் இரண்டு பேருக்கு மேல் என்னால் முடியவில்லை.

10. கருவி கிடைக்கவே இல்லை என்றால்

நாடித் துடிப்பை வைத்து ஒரு குறுக்கு வழி உண்டு. நடக்கும்போதுள்ள துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து வேகத்தால் வகுப்பது. 80-லிருந்து 104-க்கு ஏறி, வேகம் 24 என்றால், மீட்டருக்கு ஒரு துடிப்பு. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு 0.2 முதல் 0.4 வரை. நெஞ்சுப் பட்டை ஒன்றும் ஸ்டாப்வாட்ச்சும் போதும், சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும்.

எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. பக்கவாதம் வந்தவர்களில் பலர் மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகளில் இருக்கிறார்கள். அவை துடிப்பை ஏறவிடாது. நாடி ஒழுங்கற்று ஓடுகிறவர்களுக்கு எண்ணே நிலைக்காது. இந்த இரு வகையினரையும் நீக்கிவிட்டால் மிஞ்சுபவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வார்டில் ஒரு நாள் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

11. திருப்பிக் கொடுக்கும் நாள்

மூச்சுக்கு மூச்சு பதிவான மூலக் கோப்புகளை அன்றன்றே இரண்டு இடத்தில் படியெடுத்து, பெயருக்குப் பதில் எண் போட்டு வையுங்கள். கருவியின் நினைவகத்தை அடுத்து இரவல் வாங்குகிறவர் அழித்துவிடுவார். திருப்பிக் கொடுக்கும்போது மாஸ்க், பட்டை, குழாய், மின்கலம், சார்ஜர் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். நான் வாங்கவில்லை, மூன்று மாதம் கழித்து, தேர்வுக்கு முந்தைய வாரம், ஒரு சார்ஜரைக் காணவில்லை என்று போன் வந்தது.